பல்லாங்குழியைத் திருத்தியவர்கள்

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையையே பெயராக வைத்துக்கொண்ட நாட்டில் விவசாயத்தை வைத்து ஒரு விளையாட்டு இல்லாமல் இருக்குமா? இருந்தது. அதில் நிலம் உண்டு, விதை உண்டு, பசு உண்டு, தரிசு உண்டு, கடைசியில் கஞ்சியும் உண்டு. பல்லாங்குழியைத்தான் சொல்கிறேன். எண்ணிக்கை பழகும் விளையாட்டு, விரலுக்குப் பயிற்சி, கர்ப்பிணிகளுக்கு நல்லது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒருவர் எழுதியதை நூறு பேர் அனுப்புகிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அது முதலில் ஒரு விவசாய விளையாட்டு. அதைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் பலகையை வைத்துக்கொண்டு விவசாயத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினான்கு குழி என்பதுதான் பன்னாங்குழியாகி, பிறகு பல்லாங்குழியானது என்று தேவநேயப் பாவாணர் காரணம் சொல்லுவார். பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 காய் என்றால் 70 காய். சில வீடுகளில் 6, சில வீடுகளில் 12 கூட வைத்து ஆடுவார்கள். புதுச்சேரியில் என் ஆயா சோழி வைத்து ஆடினார்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது மாமியார் வீட்டில் மஞ்சாடிக் குருவும் புளியங்கொட்டையும். இப்போது நான் இருக்கும் கீரிப்பாறையில் வயல் கிடையாது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம். இங்கே பிள்ளைகள் ரப்பர் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஆடிப் பார்ப்பார்கள். பார்க்கப் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும், ஆனால் 5 கொட்டை ஒரு குழியில் அடங்காது.

ஆடும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் பக்கத்துக் குழி ஒன்றில் இருக்கும் காயை எல்லாம் அள்ளி, வலப்புறமாக அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகவேண்டும். நம் வரிசை முடிந்தால் எதிராளியின் வரிசையில் தொடரும். கையிலிருப்பது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியில் இருப்பதை அள்ளி மறுபடி போடவேண்டும். இப்படிப் போய்க்கொண்டே இருந்து, காய் தீரும்போது அடுத்த குழி காலியாக இருந்தால், அந்தக் காலிக் குழியை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளது அத்தனையும் நமக்கு. அதோடு கை மாறும். காலிக்கு அடுத்ததும் காலி என்றால் ஒன்றும் கிடையாது, அப்போதும் கை மாறும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாக் குழியிலும் 5 இருக்கும்போது முதல் கை ஆடுகிறவர் எந்தக் குழியில் தொடங்கினாலும் 7 காய்தான் கிடைக்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அது தெரியாமல் சின்னப் பிள்ளைகள் "இந்தக் குழிதான் ராசி" என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வித்தியாசம் கிடைக்கிற காயில் இல்லை, நாம் விட்டுவிட்டுப் போகும் காலிக் குழிகள் எங்கே விழுகின்றன என்பதில் இருக்கிறது. ஆயா காயைப் பார்த்து ஆடமாட்டார்கள், காலியைப் பார்த்துத்தான் ஆடுவார்கள்.

இனி பசு. துடைத்த குழியில் மறுபடி 1, 2, 3 என்று காய் சேர்ந்து 4 ஆகும் நேரத்தில் அதற்குப் பசு என்று பெயர். பசு யாருக்கு? போட்டவருக்கு இல்லை, குழி யாருடையதோ அவருக்கு. நான் ஆடிக்கொண்டிருக்கும்போது என் கையாலேயே எதிராளியின் குழியில் நான்காவது காயைப் போட நேர்ந்தால், எதிராளி சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்து பசுவை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். கண்ணை அந்தப் பக்கம் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் ஐந்தாவது விழுந்து பசு போய்விடும். ஆகவே தன் முறை இல்லாத நேரத்திலும் யாரும் சும்மா இருக்க முடியாது. தன் வயலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

அடுத்தது தரிசு. என் கணக்கில் விளையாட்டின் உயிர் அதுதான். ஒரு ஆட்டம் முடிந்ததும் இருவரும் அவரவர் காயை எண்ணி மறுபடி குழிக்கு 5 வீதம் நிரப்பவேண்டும். ஒருவரிடம் 45, இன்னொருவரிடம் 25 இருக்கிறது என்று வையுங்கள். 45 உள்ளவர் 7 குழியையும் நிரப்பிவிட்டு 10 காயைக் கையில் வைத்துக்கொள்வார். 25 உள்ளவரால் 5 குழியைத்தான் நிரப்ப முடியும். மீதி 2 குழி அடைபடும். புதுச்சேரியில் அதன் மேல் ஒரு குச்சியை வைத்துவிட்டுப் பேசாமல் ஆடுவோம். என் மாமியார் ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்து "தரிசு" என்பார்கள். அந்தக் குழியில் யாரும் காய் போடக்கூடாது, தாண்டிப் போகவேண்டும். அடுத்த ஆட்டத்தில் தோற்றவருக்கு முதல் கை உண்டு. ஜெயித்துக் காய் சேர்த்தால் தரிசை மறுபடி திறக்கலாம். சேர்க்க முடியாவிட்டால் இன்னொரு குழி அடைபடும்.

5 காய்கூடக் கையில் இல்லாமல் போய்விட்டால் கஞ்சி காய்ச்சுவது. இருக்கிற 3 காயோ 4 காயோ, குழிக்கு ஒன்றாக வைத்து ஆடிப் பார்க்கலாம். எதிராளியும் அவர் பக்கம் அதே போல ஒவ்வொன்றுதான் வைக்கவேண்டும். ஒன்றுமில்லாதவனோடு ஆடும்போது உள்ளவனும் கஞ்சி குடிக்கவேண்டும் என்பது விதி.

விதி எல்லா ஊரிலும் ஒன்று இல்லை. பசு என்றால் 6 என்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எது சுத்தமான பாடம் என்று சண்டை போட நான் வரவில்லை. ஆனால் எங்கே போனாலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. ஆட்டம் ஒரு முறையோடு முடிவதில்லை. போன ஆட்டத்தின் விளைச்சல்தான் இந்த ஆட்டத்தின் விதை. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு நெல். கன்னிப்பூவில் கையைச் சுட்டுக்கொண்டவன் கும்பப்பூவைப் புதிதாகத் தொடங்க முடியாது, பழைய பாக்கியோடுதான் தொடங்கவேண்டும். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அடங்கல் பதிவேட்டில் பயிர் இன்னது என்று எழுதும் கட்டத்தில் தரிசு என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஈர்க்குச்சி ஞாபகம் வரும். மேலதிகாரிக்கு அது ஒரு வார்த்தை. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று பல்லாங்குழி ஆடினவர்களுக்குத் தெரியும்.

இந்த விளையாட்டு நம்மோடு நிற்கவில்லை. கன்னடத்தில் அளகுளி மணே, துளு நாட்டில் சென்னெமணே, தெலுங்கில் வாமன குண்டலு. துளு நாட்டில் ஆடி மாத அடைமழையில் வயல் வேலை ஓய்ந்திருக்கும்போது ஆடுவது வழக்கம். இலங்கையில் சிங்களவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்குக் குன்றிமணி வைத்து ஆடுவதற்கு ஒலிந்த கெளிய என்று பெயர். மலாயாவில் சொங்காக். அங்கேயும் நிரப்ப முடியாத குழியை அடைப்பார்கள், எரிந்துபோன குழி என்பார்கள். ஜாவாவில் இதன் பெயர் டாக்கோன். காய் சேர்க்கும் பெரிய குழியை அங்கே லும்பூங் என்பார்கள், நெல் களஞ்சியம் என்று அர்த்தம். அவரவர் வயலுக்கு ஏற்ற பெயர்.

ஆப்பிரிக்காவில் இதற்கு இன்னும் பெரிய குடும்பம். என் பிரெஞ்சுப் படிப்பு உதவிய இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். புதுச்சேரியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்துவிட்டு, 1962-க்குப் பிறகு ஊர் மாறிப்போக, இங்கிலீஷும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கிளார்க் வேலைக்கு வந்தவள் நான். 35 வருஷத்தில் ஒரு பிரெஞ்சு வார்த்தை தேவைப்படவில்லை. பிரான்சில் குடியேறிய என் அண்ணன் ஒரு லீவுக்கு வந்தபோது, அங்கே கடையில் விற்கும் ஒரு மரப்பலகையை எனக்கென்று கொண்டுவந்தார். "இது நம்ம ஆயாவோட பல்லாங்குழி மாதிரியே இருக்குது பாரும்மா" என்றார். அவாலே என்று பெயர். ஐவரி கோஸ்ட் பக்கத்து ஆட்டம். பக்கத்துக்கு 6 குழி, குழிக்கு 4 காய், மொத்தம் 48. கூடவே பிரெஞ்சில் ஒரு விதித்தாள்.

அந்தத் தாளில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. அஃபாமே. பட்டினி போடுவது என்று அர்த்தம். எதிராளியின் பக்கம் ஒரு காய்கூட இல்லாமல் போய்விட்டால், நம் கையில் அவர் பக்கம் காய் போய்ச் சேரும்படி ஒரு ஆட்டம் இருக்குமானால், அதைத்தான் ஆடவேண்டும். நமக்கு நஷ்டமானாலும் சரி. அதற்கு அவர்கள் போட்ட வார்த்தை நூரிர், சோறு போடுவது. எங்கோ ஆப்பிரிக்காவில் விதைத்தவர்களும் நம்முடைய கஞ்சி விதிக்கு ஒரு பங்காளி விதியை வைத்திருந்தார்கள். ஜெயிக்கலாம், ஆனால் பக்கத்து வயல்காரனைப் பட்டினி போட்டு ஜெயிக்கக்கூடாது. அவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

இப்போது திருத்தியவர்களிடம் வருகிறேன். முதல் ஆள் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்ற அமெரிக்கர். 1940-இல் இந்தக் குடும்பத்து ஆட்டங்களை வைத்து ஒரு புது ஆட்டம் உண்டாக்கி, காப்புரிமை வாங்கி, கம்பெனி வைத்து விற்றார். அதன் பெயர் கலா. (நம் ஊரில் அந்தப் பெயரில் எத்தனை அக்காமார் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் இதற்குப் பொறுப்பில்லை.) பக்கத்துக்கு 6 குழி, இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒரு பெரிய குழி. விதைத்துக்கொண்டு போகும்போதே தன் பெரிய குழியிலும் ஒன்று போட்டுக்கொண்டு போகலாம். களஞ்சியத்தில் போட்டது போட்டதுதான், திரும்ப வராது. கடைசிக் காய் தன் களஞ்சியத்தில் விழுந்தால் இன்னொரு கை. தன் பக்கத்துக் காலிக் குழியில் விழுந்தால் எதிரே இருப்பது அவருக்கு. ஒருவர் பக்கம் காலியானதும் ஆட்டம் முடிந்தது. எண்ண வேண்டியது, எழுந்து போக வேண்டியது.

சாம்பியன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய குழியும் அவர் கண்டுபிடித்தது அல்ல, ஜாவாவில் ஏற்கெனவே இருந்ததுதான். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கவும் கால் மணி நேரத்தில் முடிக்கவும் ஒரு ஆட்டம் வேண்டும் என்று நினைத்தார், செய்தார். ஆனால் அவர் எதை எதை வெட்டினார் என்று ஒரு கிளார்க்கின் புத்தியோடு பட்டியல் போட்டால், வெட்டுப்பட்டது எல்லாம் ஒரே இனம். அடுத்த பூ இல்லை. அதனால் தரிசு இல்லை, விதைக்காகக் காயைக் கையில் வைத்திருப்பதும் இல்லை. சோறு போடும் விதி இல்லை. எதிராளிக்குக் காய் தீர்ந்துவிட்டால், மீதி உள்ளதை எல்லாம் நாம் வழித்துக்கொள்ளலாம். பசுவும் இல்லை, ஆகவே என் முறை இல்லாதபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். மிஞ்சியது குழியும் காயும் எண்ணிக்கையும்.

இதற்குப் பிறகு நடந்தது சாம்பியனே எதிர்பார்க்காதது. விதி சுருக்கமாக இருந்ததால் கலா கணினிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. கலா ஆடும் கணினி நிரல் பற்றி 1964-லேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஜெஃப்ரி இர்விங், யெரூன் டோங்கர்ஸ், யோஸ் ஆய்ட்டர்வைக் என்ற மூவர் குழிக்கு 4 காய் வைத்து ஆடும் கலாவைக் கடைசி வரைக்கும் கணக்குப் போட்டு முடித்தார்கள். இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால், முதல் கை ஆடுகிறவர் 10 காய் வித்தியாசத்தில் ஜெயிப்பார். அதாவது பூவா தலையா போட்டதுமே ஆட்டம் முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

இரண்டு வருஷம் கழித்து, 2002-இல், ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்ரி பால் என்ற இரண்டு பேர் ஆப்பிரிக்க ஆட்டமான அவாரியை இதே போல் முடித்தார்கள். அண்ணன் கொண்டுவந்த அவாலேயின் வகைதான் அது, அதே 12 குழி, 48 காய். 88,900 கோடிக்கு மேற்பட்ட நிலைகளை 144 செயலிகள் சேர்ந்து பார்த்தன. இருவரும் தப்பில்லாமல் ஆடினால் சமம் என்று விடை வந்தது. யாரும் உட்கார்ந்து வடிவமைக்காத ஆட்டம், யார் யாரோ ஆடி ஆடித் தேய்த்து வைத்த ஆட்டம், தராசு முள் மாதிரி நடுவில் நிற்கிறது. நியாயமாகவும் எளிமையாகவும் இருக்கட்டும் என்று மேஜையில் உட்கார்ந்து திருத்திய ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், மாமியாருக்கு யாரோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

பல்லாங்குழியை அப்படி யாராவது கணக்குப் போடட்டும், அது வேறு விஷயம். என் வருத்தம் எங்கே என்றால், இன்றைக்குச் செல்போனில் மன்காலா என்று தேடி இறக்கினால் பெரும்பாலும் வருவது இந்தக் கலாதான். சிலதில் பல்லாங்குழி என்று பெயர் போட்டு, கோலம் போட்டு, வீணை வாசித்து, உள்ளே ஒரே ஒரு சுற்று ஆட்டம். முடிந்ததும் திரையில் பட்டாசு வெடிக்கும். மறுபடி ஆடு என்று ஒரு பொத்தான். அமுக்கினால் இருவருக்கும் மறுபடி குழிக்கு அஞ்சஞ்சு. போன ஆட்டம் நடந்ததே அதற்கு ஞாபகம் இருக்காது.

என் பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் இதே மாதிரி ஒரு குறை இருந்தது. ஜப்பான்காரர்களின் பண்ணை விளையாட்டு ஒன்றில் அவனுக்குப் பைத்தியம். அதை ஆரம்பித்தவர் யசுஹிரோ வாடா, கிராமத்தில் வளர்ந்து டோக்கியோவுக்குப் போனவர், ஊர் ஞாபகத்தில் 1996-இல் முதல் விளையாட்டைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட் மூன் என்றார்கள். விதைப்பது, தண்ணீர் விடுவது, மாடு வளர்ப்பது, பருவம் மாறினால் பயிர் போய்விடுவது எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையில் 2003-இல் வந்த மினரல் டவுன் விளையாட்டை 2019-இல் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். படம் பளபளப்பாகிவிட்டது. தொடக்கத்திலேயே எளிய முறை என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மாடுகளில் காபி மாடு, ஸ்ட்ராபெரி மாடு, பழ மாடு என்று வந்துவிட்டன. கறந்தால் காபிப் பால் வரும். "பழசுல மாடு மாடா இருந்துச்சு பாட்டி. அதுக்குக் கஷ்டப்பட்டாத்தான் நல்ல பால் வரும்" என்றான் பேரன். அவனுடைய தங்கைக்கு ஸ்ட்ராபெரி மாடுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காபி கறக்கும் மாட்டையும் தரிசில்லாத பல்லாங்குழியையும் செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. எது தொந்தரவாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். விவசாயத்தில் எது தொந்தரவோ அதுதான் விவசாயம் என்பது அந்த மேஜையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதற்கு எதிர்க்கட்சி என் வீட்டிலேயே உண்டு. என் மகன் சொல்லுவான்: "தோத்தவனுக்கு அடுத்த ஆட்டத்துல குழியும் கம்மி, காயும் கம்மி. இது வெளையாட்டாம்மா? வட்டிக்கடை." அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயா காலத்தில் பெண்கள் வீட்டை விட்டுப் போகாமல் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், அதனால் நான்கு பூ, ஐந்து பூ ஆட முடிந்தது. அந்த மத்தியானம் திரும்பி வரவேண்டும் என்று எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள், நானும் கேட்கவில்லை. கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கால் மணி நேர ஆட்டம் ஆடுங்கள். ஆனால் வட்டிக்கடை என்று சொல்கிறவர் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். 45 ஜெயித்தவரின் கையில் நிற்கும் 10 காய் ஆட்டத்தில் இறங்காது, பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். வயலில் இருப்பது 60. குழி 12 ஆகச் சுருங்கியதால் ஜெயித்தவர் விதைக்கும் காய் தோற்றவரின் 5 குழிக்குச் சீக்கிரமே வந்துவிடும். முதல் கையும் தோற்றவருடையது. 2 தரிசோடு தொடங்கி 7 குழியையும் மீட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் குழியிலிருந்து மீண்டவர் அபூர்வம், ஆனால் உண்டு. அந்த ஆட்டங்களைத்தான் வருஷக்கணக்காகப் பேசுவார்கள். சமமாகத் தொடங்கி ஜெயித்த ஆட்டத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மாமியார் ஒருத்தர் அப்படி மீண்டவர், பலகையில். நிலத்தில் மீளவில்லை. தோவாளைப் பக்கத்தில் கோயில் வயல் கொஞ்சம் பாட்டத்துக்கு எடுத்து மாமனார் காலத்துக்குப் பிறகும் தனியாக நடத்திக்கொண்டிருந்தார்கள். கால்வாயின் கடைசி வயல். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் இருந்தாலும் கடைக்கோடிக்கு வந்து சேர்வது நிச்சயமில்லை. அடுத்தடுத்து இரண்டு கும்பப்பூ சாவியாகப் போனது. பாட்டம் அளக்க நெல் இல்லாமல் ஒரு வயலை விட்டார்கள், பிறகு இன்னொன்றை. வீட்டில் யாரிடமும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பலகையை எடுப்பார்கள். ஒருநாள் என் மகன், அப்போது சின்னப் பையன், தோற்றுப்போய் 3 குழி அடைபட்டதும் அழுது, "எல்லாத்தையும் சேத்துட்டு மொதல்லருந்து ஆடுவோம்" என்று காயைக் கலைக்கப் போனான். மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எல்லாருக்கும் மறுபடி அஞ்சஞ்சுண்ணு வச்சா, போன பூவுல நான் பட்ட பாடு எங்க மக்கா போச்சு? நீ அழாண்டாம். இருக்கத வச்சு ஆடு. நாலு குழி இருக்குல்லா" என்றார்கள். அவன் அன்றைக்கு இன்னும் ஒரு குழியை இழந்தான். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனே பலகையை எடுத்து வைத்து, முதல் நாள் எத்தனை காய் வைத்திருந்தோம் என்று கேட்டான். மாமியார் கணக்கை மறக்கவில்லை, அவன் காயைத் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்.

அந்த முடிச்சுதான் நான் பார்த்த செல்போன் பல்லாங்குழிகளில் இல்லாதது. செய்யமுடியாதது ஒன்றுமில்லை. பேரன் சொல்கிறான், ஆட்டம் முடிந்ததும் இரண்டு எண்ணைச் சேமித்து வைத்தால் போதுமாம், பத்து வரி வேலையாம். அத்தனை கோலமும் வீணையும் வைத்தவர்களுக்கு அந்தப் பத்து வரி தோன்றவில்லை.

மாமியார் விட்டுக்கொடுத்த வயலைப் பிறகு வேறு யாரோ எடுத்தார்கள், அதற்குப் பிறகு அங்கே வாழை வந்தது. எங்கள் கீரிப்பாறைப் பக்கம் வருஷத்தில் ஒரு பருவம் ரப்பர் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும் சத்தம் கேட்கும். விதை என்றாலும் பெரும்பாலும் அதை யாரும் விதைக்கிறதில்லை, பிள்ளைகள்தான் பொறுக்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம், படிக்கிறவர்களில் வயதானவர்கள் இருந்தால் எழுதுங்கள். தரிசுக் குழியைத் தாண்டிப் போகவேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் விதி. கை தவறி அதில் ஒரு காய் விழுந்துவிட்டால், புதுச்சேரியில் எடுத்து அடுத்த குழியில் போடச் சொல்லுவார்கள். மாமியார் எடுக்கவிடமாட்டார்கள். தரிசில் விழுந்தது அந்தத் தரிசு திறக்கும் வரை அங்கேயே கிடக்கும், திறந்தால் குழிக்காரருக்கு. உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? அந்தக் குழியை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன்.